கணக்கில் வராத இடம்

டிஸ்கில் இடமில்லை என்று கணினி மூன்றாம் முறையாகச் சொன்னபோது தேவஇரக்கத்துக்குக் கோபம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணி. நில அளவை அலுவலகத்திலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்த கிராம வரைபடம், காலையிலிருந்து உட்கார்ந்து கோடு கோடாகத் திருத்தியது, திரையில் அரை உயிரோடு நின்றுகொண்டிருந்தது. கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டினால் போச்சு, ஆறு மணி நேர வேலை. பென் டிரைவிலேயே சேமித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் முதலில் சி டிரைவில் கொஞ்சம் இடம் வேண்டுமாம். திங்கட்கிழமை உதவி இயக்குநர் மேஜைக்குப் போக வேண்டிய படம். போகாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, மெமோ கொடுப்பார்கள், ஐம்பத்தாறு வயசில் ஒரு மெமோ, அதை வாங்கிக் கையெழுத்துப் போடக்கூட இப்போது தெம்பு இல்லை. அக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. இனியாவது நல்லா ரெஸ்ட் எடுங்க சார் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். அடக்கத்துக்கு வந்த சர்ச் ஐயரும் தோளில் கைவைத்து அதையேதான் சொன்னார். அவனும் ஓய்வு எடுத்துத்தான் பார்த்தான். ஒன்பது மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுந்தான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வந்து மறுபடி படுத்தான், ஆனால் அசதி மட்டும் ஈரத்துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு காயமாட்டேன் என்கிறது. அக்கா படுக்கையில் கிடந்த பதினாலு மாதமும் இவ்வளவு அசதி இல்லை. அப்போது அசதியாக இருக்க நேரம் இல்லை என்பதுதான் சரி. எதிர்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். அது நிற்கும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது பார்ப்போம் என்று சி டிரைவைத் திறந்தான். மொத்தம் நானூற்று அறுபத்தைந்து ஜிபி. மிச்சம் சுத்தமாக இல்லை. சிவப்புப் பட்டை கடைசி வரைக்கும் நிரம்பி, காய்ச்சல்காரன் கன்னம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஃபோல்டராக மவுஸைத் தட்டி என்ன அளவு என்று கேட்டான். ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துச் சொன்னது. அதைக் குறித்துக்கொள்ள ஒரு காகிதம் எடுத்தான். விண்டோஸ் நாற்பது. வரைபட மென்பொருள் இருபத்தாறு. படங்கள் பதினெட்டு, தங்கச்சி ஹெலனின் மகள் கல்யாணத்தில் எடுத்தது அதில் பாதி. ஆபீஸ் வேலை என்று ஒன்று, பழையது என்று ஒன்று, பழையது புதுசு என்று ஒன்று, அந்தப் பெயரை எந்த நிலையில் வைத்தோமோ. எல்லாம் கூட்டினால் நூற்று இருபத்தைந்து. மறுபடி கூட்டினான். நூற்று இருபத்தைந்துதான். அப்போது மீதி முந்நூற்று நாற்பது? இந்த இடத்தில் அவன் தூக்கம் கொஞ்சம் கலைந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அவன் செய்கிற தொழில் இதுதான். ஒரு புலத்தை எத்தனை உட்பிரிவாக வெட்டினாலும் உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டினால் தாய்ப்புலத்தின் பரப்பு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கல் நகர்ந்திருக்கிறது, அல்லது ஒருவன் வேலி ஒரு முழம் உள்ளே வந்திருக்கிறது. நிலம் காணாமல் போகாது. யாரிடமாவது இருக்கும். முந்நூற்று நாற்பதும் யாரிடமாவது இருக்க வேண்டும். மொத்தத்தில் முக்கால் பங்கு, அடுத்தவன் கையில், அவன் வீட்டுக்குள்ளேயே.

வைரஸாக இருக்குமோ. யாராவது வெளியிலிருந்து நுழைந்து தங்கள் சாமானை இங்கே இறக்கி வைத்திருப்பார்களோ. ஆபீஸில் இளையவன் ஒருத்தன் சொன்னான், இப்படித்தான் ஒருவருடைய கணினிக்குள் ஊர் பேர் தெரியாதவர்களின் படமெல்லாம் கிடந்தது, போலீஸ் வரைக்கும் போனது என்று. அந்த மாதிரி ஏதாவது என்றால், போலீஸ் வந்து கேட்டால், நீங்க தனியாத்தான் இருக்கியளா சார், ஆமா, கல்யாணம் ஆகலையா, ஆகல, அக்கா இருந்தா, அவளுக்கும் ஆகல, அவ தபாலாபீஸ்ல இருந்தா, எங்கள ரெண்டு பேரையும் அவதான் வளர்த்தா, எங்க இப்போ அவங்க, போயிட்டா. இவ்வளவையும் ஒரு போலீஸ்காரனிடம் நின்று சொல்ல வேண்டும். எழுந்து தண்ணீர் குடித்தான். அடுக்களைக்குப் போகிற வழியில் அக்காவின் அறை. கதவு சாத்தியிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் சாத்தியது. கட்டிலை யாருக்காவது கொடுக்க வேண்டும், ஏற்றி இறக்குகிற நல்ல கட்டில், சபையில் சொன்னால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், நாளைக்குச் சொல்வோம் என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்காலியில் அவன் விட்டுப் போன சூடு அப்படியே இருந்தது. மறைத்து வைத்த ஃபோல்டர் என்று சில உண்டு, அதைக் காட்டச் சொன்னால் காட்டும் என்று ஞாபகம் வந்தது. மேலே ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக் அடித்தான். அவ்வளவுதான், இதுவரை இல்லாத நாலைந்து ஃபோல்டர் மங்கலான மஞ்சளில் எழுந்து நின்றன, இருட்டுக்குக் கண் பழகின பிறகு ஆட்கள் தெரிகிற மாதிரி. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கதவு திறந்தான். மூன்றாவதன் அளவைக் கேட்டபோது எண் ஏறத் தொடங்கியது. ஐம்பது, தொண்ணூறு, நூற்று அறுபது, அது ஏறுவதைப் பார்த்தபடியே இருந்தான், முந்நூற்று முப்பத்தெட்டில் நின்றது. அகப்பட்டாயா என்று வாய் சொன்னது. பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஒரு நாளுக்கு ஒரு ஃபோல்டர். எல்லாம் தேதிகள். போன வருஷம் ஏப்ரல் ஒன்பதிலிருந்து இன்று வரைக்கும்.

ஏப்ரல் ஒன்பது என்ன என்று அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அக்கா அறையில் கேமரா மாட்டினது. சுவரும் மச்சும் சேருகிற மூலையில், உள்ளங்கை அளவுக்கு, வெள்ளையாக. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற செல்வக்கனி நல்ல பிள்ளைதான், ஆனாலும் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது மனசு கேட்காது, அக்கா கீழே விழுந்தாளோ, தொண்டையில் கஞ்சி சிக்கினதோ என்று. போனிலேயே பார்த்துக்கலாம் சார் என்று கடைக்காரர் வந்து மாட்டிக் கணினியிலும் எதையோ ஏற்றிவிட்டுப் போனார். கணினியை அணைச்சிராதிய என்று சொன்னார். அதனால் அவன் அணைப்பதில்லை. அன்றிலிருந்து இன்று வரை அணைத்ததே இல்லை. காரணம் போன பிறகும் பழக்கம் இருந்தது. ஆனால் பார்ப்பதற்கு என்றுதானே சொன்னார், பிடித்து வைக்கும் என்று யார் சொன்னது. சொல்லியிருப்பார். அந்த நாட்களில் ஆட்கள் சொன்னது எதுவும் அவன் காதில் முழுசாக ஏறினதில்லை, மாத்திரையின் பெயரும் வேளையும் மட்டும்தான் ஏறும். நேற்றைய தேதியைத் திறந்தான். அக்காவின் அறை. மூலையிலிருந்து குனிந்து பார்க்கிற பார்வை. கட்டில், உறை கழற்றின மெத்தை, ஜன்னல். காலையில் ஜன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்கு மெத்தைமேல் விழுந்து, பிறகு மெல்ல இறங்கித் தரைக்கு வந்து, சுவர் ஓரம் போய், இல்லாமல் ஆனது. வேகமாக ஓட்டிப் பார்த்தான். அவ்வளவுதான். முந்தாநாளும் அதேதான். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அதேதான். ஐந்து மாதமாக அவன் எட்டிப்பார்க்கக்கூட முடியாமல் சாத்தி வைத்த அறையை இது மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருத்தரும் இல்லாத அறையை ஒரு நாளைக்கு ஒரு ஜிபி வீதம். பாவம் என்று தோன்றியது, கணினியைப் பற்றியா அறையைப் பற்றியா தெரியவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. ஏனென்றால் அப்போதுதான் அது அவனுக்குப் பட்டது. இன்று வரைக்கும் எல்லா நாளும் இருக்கிறது என்றால், எல்லா நாளும் இருக்கிறது. ஆகஸ்ட் இருபத்தொன்றும் இருக்கிறது.

பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்தான். பார்க்காமல் அத்தனையையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் முடிந்தது. படத்தைச் சேமிக்கலாம், திங்கட்கிழமை போகலாம். கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தினான், எல்லாத் தேதியும் நீலமாக மாறியது. டெலிட் மேல் விரலை வைத்தான். விரல் அங்கேயே இருந்தது. ஏப்ரல் இருபதோ என்னவோ ஒரு நாள் அக்கா இடது கையால் கரண்டியைப் பிடித்துத் தானாகத் தயிர் சாதம் சாப்பிட்டாள், சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு, செல்வக்கனி கைதட்டினாள். அதுவும் இதில்தான் இருக்கிறது. மே மாதத்தில் ஹெலன் நாக்பூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள், தங்கச்சியும் அக்காவும் ஒரே கட்டிலில் ஒட்டிப் படுத்து, ஒருத்தி பேச ஒருத்தி த்தா த்தா என்று. பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன பிறகு அக்காவிடம் மிஞ்சினது அந்த ஒரு சத்தம்தான். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் அதுதான். அதுவும் போகும். போனால் போகட்டும். இருபத்தொன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டால் என்ன? அப்படிச் செய்தால் இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், யார் பார்த்தாலும் இந்த ஒரு நாள் எங்கே என்று கேட்பார்கள், யார் பார்க்கப் போகிறார்கள், யாரும் இல்லை, அவன்தான். அவன் கேட்பான். புதன்கிழமை அது. செல்வக்கனி ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று வரவில்லை. அவன் லீவு போட்டான், ஆனால் ஒரு படம் அன்றைக்கும் அவசரம், இதே நாற்காலியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். காலை ஆறரைக்கு ஒரு தடவை விரிப்பு நனைந்தது, மாற்றினான். எட்டே முக்காலுக்கு இரண்டாம் தடவை. மாற்றினான், துவைத்துப் போட்டான், இடுப்பு விட்டுப்போனது. பதினொன்றே காலுக்கு மறுபடி த்தா. போய்ப் பார்த்தால் மூன்றாம் தடவை, இந்தத் தடவை வெறும் நனைவு மட்டும் இல்லை. அக்கா அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் வேண்டுமென்றே செய்த குறிப்பு ஒன்று இருந்ததாக அவனுக்கு அப்போது பட்டது. இல்லை, இருந்திருக்காது. அந்த நேரத்தில் பட்டது. கை எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியாது. இடது கன்னத்தில், உணர்ச்சி இருக்கிற பக்கத்தில். அறைந்தான். ஐம்பத்தைந்து வயசில் அறுபத்தாறு வயசு அக்காவை. அறைந்துவிட்டு ஒரு வார்த்தையும் சொன்னான். சொல்லிவிட்டு, அவளை அப்படியே, அதிலேயே, போட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தான். நாற்பது நிமிஷம். படத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை, கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு வாளியோடு போய் எல்லாம் செய்தான். அக்டோபர் பன்னிரண்டில் அக்கா போனாள். ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தான், செல்வக்கனியே சொன்னாள், உங்கள மாதிரி ஒரு தம்பி கிடைக்க குடுத்து வெச்சிருக்கணும் சார் என்று. அடக்க ஆராதனையில் ஐயரும் அதையே பிரசங்கத்தில் வைத்துப் பேசினார். அவன் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டான். விரல் இன்னும் டெலிட்டின் மேல் இருந்தது. போன் அடித்தது.

ஹெலன்தான். சனிக்கிழமை மூன்றரைக்கு எப்போதும் கூப்பிடுவாள், இன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே.

"அண்ணே, சாப்ட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்ட்டிய?"

அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. "சோறுதான்."

"குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா?"

"இல்லட்டி. கம்ப்யூட்டர் இடம் இல்ல, இடம் இல்லன்னு சொல்லிட்டே இருக்கு. என்னதான் அடைச்சிருக்குன்னு பாத்துட்டு இருந்தேன். அக்கா ரூம்ல கேமரா வெச்சோம்லா, அது தினமும் படம் பிடிச்சு வெச்சிருக்கு. ஒரு நாள் விடாம. இன்னைக்கு வரைக்கும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எல்லா நாளுமா?" என்றாள்.

"எல்லா நாளும்."

"ஆகஸ்ட்டும் இருக்கா?"

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பிப்ரவரி இருக்கா, ஜூன் இருக்கா என்று கேட்கவில்லை. ஏன் ஆகஸ்ட். வெளியே தெருவில் ஒரு ஆட்டோ நின்று, யாரோ இறங்கி, மறுபடி கிளம்பிப் போனது.

"ஹெலன். உனக்கு என்ன தெரியும்?"

"அண்ணே..."

"சொல்லு."

"மே மாசம் அங்கன வந்தப்போ என் போன்லயும் அந்த ஆப்பைப் போட்டுத் தந்தியள்லா. நீயும் பாத்துக்கோன்னு. மறந்துட்டியளா? தினமும் காலைல வீட்டு வேலை முடிஞ்சதும் பதினோரு மணிக்கு ஒரு தடவ திறந்து பாப்பேன். அன்னைக்கும் பாத்தேன்."

மறந்துதான் போயிருந்தான். முழுசாக மறந்திருந்தான். ஏழு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்ட்டியளா என்று கேட்கிற இந்தக் குரல் ஏழு மாதமாகத் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறது. அடக்கத்துக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டுதான் பிடித்தாள். அந்தக் கையைத்தான். ஐயர் பிரசங்கம் பண்ணும்போது பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு பெரிய அவமானம் வந்து மூடும் என்று காத்திருந்தான். வந்தது என்னவோ அசதிதான், ஆனால் வேறு மாதிரி அசதி, தூக்கிக்கொண்டு வந்த மூட்டையை யாரோ மறுமுனையில் பிடித்திருப்பது தெரிந்தால் வருகிறது.

"ஏன் கேக்கல நீ?" என்றான்.

"என்ன மூஞ்சிய வெச்சிட்டுக் கேக்க? நான் வந்து பாத்துக்கிட்டேனா? பத்து நாள் வந்துட்டு ஓடி வந்துட்டேன். நம்ம ரெண்டு பேத்துல நீங்க ஒருத்தர்தான அவ கூட இருந்திய." மூக்கை உறிஞ்சினாள். "நான் செஞ்சது உங்களுக்குத் தெரியாது. அன்னைக்கே அந்த ஆப்பை எடுத்துட்டேன். அதுக்குப் பிறவு அக்காவ நான் பாக்கவே இல்ல அண்ணே. அவ போற வரைக்கும் ஒரு தடவகூடப் பாக்கல. வேலை அதிகம், வேலை அதிகம்னு சொன்னேன்லா, வேலை ஒண்ணும் இல்ல."

"அந்தக் கேமராவுல சத்தம் கேக்காது," என்றான் அவன்.

"கேக்காது."

"நான் ஒண்ணு சொன்னேன் அவகிட்ட. அடிச்சிட்டுச் சொன்னேன்."

"வேண்டாம் அண்ணே."

"எப்பம்தான் செத்து என்னைய விடுவன்னு கேட்டேன்."

ஒருத்தரிடமும் சொல்லாதது. ஜெபத்தில்கூட, என் குற்றங்களை மன்னியும் என்று பொதுவாகச் சொல்லித் தாண்டிவிடுவான், வார்த்தையாகச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அது அறைக்குள் ஒரு சாமான் மாதிரி இருந்தது. ஹெலன் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"நீங்க கதவைச் சாத்திட்டுப் போனதும் நான் போனை மூடிட்டேன்," என்றாள். "அதுக்குப் பிறவு அக்கா அழுதாளா? அது ஒண்ணுதான் எனக்கு. சமையல் பண்ணும்போதும் அதான், பஸ்ஸுல போகும்போதும் அதான். அவ அழுதாளா, எவ்வளவு நேரம் அழுதா. நீங்க பாத்தியளா?"

"இல்ல. அழிச்சிரலாம்னு இருந்தேன்."

"பாத்துட்டு அழிங்க. பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. என்னால பாக்க முடியாது அண்ணே, நீங்க பாருங்க."

போனை வைத்தான். நீலமாகக் கிடந்த தேதிகள்மேல் வேறெங்கோ தட்டி நீலத்தைக் கலைத்தான். ஆகஸ்ட் இருபத்தொன்றைத் திறந்தான். பதினொன்றே காலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். அறை. அக்கா, பூப் போட்ட நைட்டியில், நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக. கதவு திறந்து ஒரு ஆள் உள்ளே வந்தான். மேலிருந்து பார்க்கையில் அவன் உச்சி வழுக்கை தெரிந்தது. இவ்வளவு வழுக்கை விழுந்தது தேவஇரக்கத்துக்குத் தெரியாது. அந்த ஆள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான், நின்றான், அறைந்தான். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏழு மாதமாக அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது திரையில் ஒரு நொடிகூட இல்லை. வாய் அசைந்தது. போய்விட்டான். கதவு சாத்தின வேகத்தில் சுவரில் காலண்டர் ஆடியது, ஆடி ஆடி நின்றது. அக்கா அசையாமல் கிடந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. நான்கு நிமிஷம் அவன் வேகமாக ஓட்டாமல் பார்த்தான், ஓட்டக் கூடாது என்று இருந்தது. இடது கை மெல்ல எழுந்தது. கன்னத்தைத் தொட்டது, ஒரு தடவை, பவுடர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. முகம் தெரிந்தது. அதில் தண்ணீர் இல்லை. ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கை இறங்கி விரிப்பின் ஓரத்தைத் தேடியது. என்ன செய்கிறாள் என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். விரிப்பை மெத்தைக்கு அடியிலிருந்து உருவுகிறாள். உருவி, விரல் விரலாகச் சுருட்டித் தன் பக்கம் கொண்டு வருகிறாள். இடது குதிகாலை ஊன்றி இடுப்பை ஒரு அங்குலம் தூக்குகிறாள், அந்த ஒரு அங்குலத்துக்குள் துணியை உள்ளே தள்ளுகிறாள், விழுகிறாள். மூச்சு வாங்குகிறாள், நெஞ்சு ஏறி இறங்குவது மேலேயிருந்து தெரிகிறது. மறுபடி ஊன்றுகிறாள். வலது தொடை வரவில்லை. நைட்டித் துணியைப் பிடித்து இழுத்து அந்தக் காலை, அடுத்தவர் காலை நகர்த்துவதுபோல, இந்தப் பக்கமாக நகர்த்துகிறாள். இப்படியே இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். நனைந்தது எல்லாம் வலது ஓரத்தில் ஒரு பொதியாகச் சேர்ந்தது. அழுக்குப் பட்ட இடம் மடிப்புக்கு உள்ளே போகும்படிச் சுருட்டியிருந்தாள். அவள் கிடந்த பக்கம் மெத்தை உறை காய்ந்து வெறுமையாக இருந்தது. அதை உள்ளங்கையால் நீவிவிட்டாள். நீவிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கதவு திறந்தது. அந்த ஆள் வாளியும் புது விரிப்புமாக வந்தான். அவன் எதையும் பார்க்கவில்லை. சுருட்டி வைத்த பொதியை ஒரே இழுப்பாக உருவி மூலையில் எறிந்தான், துடைத்தான், புரட்டினான். அக்கா குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவன் கேட்காமலேயே, ஒவ்வொரு தடவையும் அவன் கை வருவதற்கு ஒரு கணம் முன்னால்.

தேவஇரக்கம் அதை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். கொஞ்ச நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாமல் இருப்பது நன்றாக இருந்தது. பிறகு எழுந்து போய் அக்காவின் அறைக் கதவைத் திறந்தான். பூட்டி வைத்த காற்றும், மருந்து வாடையும், தரையில் சாயங்கால வெயிலும். மூலையில் அதன் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். புள்ளி அணைந்தது. திரும்பி வந்து அக்டோபர் பதின்மூன்றிலிருந்து இன்று வரைக்கும், ஆள் இல்லாத நாட்களை மட்டும், தேர்ந்தெடுத்து அழித்தான். சிவப்புப் பட்டை குறைந்து நீலமானது. வரைபடத்தைச் சேமித்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி அது சேமித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் ஹெலனைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆனது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அழுதாளா அண்ணே?"

"இல்லட்டி," என்றான். "அழல. வேலை பாத்துட்டு இருந்தா."

"வேலையா? என்ன வேலை?"

"பெட்ஷீட்டை மாத்திட்டு இருந்தா. ஒத்தக் கையால. நாப்பது நிமிஷமும் அதான். முக்காவாசி மாத்திட்டா தெரியுமா. நான்தான் போயி பாக்காம உருவிப் போட்டுட்டேன்."

இப்போதுதான் ஹெலன் அழுதாள். அழுது, நிறுத்தி, எதாலோ முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு அதை அனுப்புவியளா? அந்த நாப்பது நிமிஷத்தை மட்டும்."

"நான் அடிச்சதும் அதுல இருக்கும்லா."

"இருக்கட்டும். அதை நான் முன்னாலயே பாத்துட்டேன். பாக்காததைத்தான் கேக்கேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவன், வெட்டி எடுக்கத் தெரியாததால், அந்த நாள் ஃபைலை முழுசாகத் தேடி எடுத்து அவள் முகவரியைத் தட்டினான். ஒரு வட்டம் சுற்றியது. கீழே எண் வந்தது, ஒரு சதவீதம், அப்படியே நின்றது.

"ரொம்பப் பெருசா இருக்கு. மூணு மணி நேரம் ஆகுங்குது ஹெலன்."

"ஆகட்டும் அண்ணே," என்றாள். "போனை வைக்காதிய. நான் இங்கனதான் இருக்கேன்."